க்ரைம் நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளைச் சேகரிப்பது எப்படி? கொங்கு வட்டாரத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காந்திபுரம் பேருந்து நிலையக் கடையில் ஒரு மாத நாவலை வாங்கி, பொள்ளாச்சியில் இறங்குவதற்குள் கொலையாளி யாரென்று தெரிந்துகொண்டு வளர்ந்தவர்கள் கொங்கு வட்டாரத்தில் ஏராளம். அவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில், அச்சிட்ட புத்தகத்தோடு மனம் நிறையாமல், அந்த நாவல் எழுதப்பட்ட தாள்களையே எழுத்தாளரின் கையொப்பத்தோடு சேர்த்து வைக்கும் ஆசை வருகிறது. ஆனால் யாரிடம் கேட்பது, எவ்வளவு கொடுப்பது, எதையெல்லாம் எழுதி வாங்குவது என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அச்சகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் வழக்கறிஞர்களிடமும் தனித்தனியாக விசாரித்து நான் தெரிந்துகொண்டதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகும் என்றே இதை எழுதுகிறேன். இந்தச் சேகரிப்பில் தாளைக் காட்டிலும், அந்தத் தாள் எந்த வழியாக உங்கள் கைக்கு வந்தது என்பதற்கான எழுத்துச் சான்றே முக்கியம். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்தச் சான்றை உண்டாக்குவதற்கும் காப்பாற்றுவதற்குமானவை.

1. எதைச் சேகரிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கையெழுத்துப் பிரதி என்று சொல்லி விற்கப்படுபவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. எழுத்தாளர் அடித்துத் திருத்தி எழுதிய முதல் வரைவு ஒரு வகை. பத்திரிகைக்கோ அச்சகத்துக்கோ கொடுப்பதற்காகத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் தெளிவாக எழுதிய பிரதி இன்னொரு வகை. தட்டச்சு செய்து பேனாவால் திருத்தியது, எழுத்தாளரே பிழை திருத்திய ப்ரூஃப் (அச்சிடும் முன் எடுக்கும் சோதனைப் படி), கையால் எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து அதன்மேல் புதிதாகக் கையொப்பமிட்டது ஆகியவையும் கைமாறுகின்றன. கடைசியாகச் சொன்ன ஜெராக்ஸ் பிரதியில் கையொப்பம் மட்டுமே அசல் என்பதால், அதை மூலப்பிரதியின் விலைக்கு வாங்கக் கூடாது. எழுத்தாளர் கையொப்பமிட்ட அச்சுப் புத்தகம் நல்ல பொருள்தான் என்றாலும், அது கையெழுத்துப் பிரதி ஆகாது.

என்னைக் கேட்டால், அச்சகத்துக்குப் போய்த் திரும்பிய பிரதியையே முதலில் தேடச் சொல்வேன். ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தில் ஒரு நாவலின் தாள்களைப் பிரித்துப் எழுத்துக் கோக்கும் பல கம்போஸிட்டர்களிடம் கொடுப்பார்கள். யார் எந்தத் தாளிலிருந்து தொடங்கினார் என்று மூலையில் பென்சிலால் குறித்திருப்பதும், ஆசிரியர் சிவப்பு மையால் அத்தியாயத் தலைப்பை மாற்றியிருப்பதும், தாளின் ஓரத்தில் மை படிந்த பெருவிரல் ரேகை பதிந்திருப்பதும் அந்தப் பிரதி உண்மையிலேயே வேலைக்குப் போய் வந்தது என்பதற்கான அடையாளங்கள். இவற்றை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.

ஓர் எழுத்தாளரையோ ஒரு பத்திரிகையையோ ஒரு காலகட்டத்தையோ எல்லையாக வைத்துக்கொள்வதும் நல்லது. கோவையிலேயே வாழ்ந்து 1,500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கும் ராஜேஷ்குமார் போன்ற ஒருவரை எடுத்துக்கொண்டால், எல்லாவற்றையும் சேர்ப்பது என்பது ஆகாத காரியம்.

2. தேட வேண்டிய இடங்கள்

கடைகளில் கையெழுத்துப் பிரதி நேரடியாகக் கிடைப்பது மிக அரிது. கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளிலும், ஈரோடு, திருப்பூர், சேலம் ஊர்களின் பழைய காகிதக் கிடங்குகளிலும் உங்களுக்குக் கிடைக்கப் போவது பெரும்பாலும் அச்சிட்ட மாத நாவல்கள்தாம். அவற்றை அலட்சியப்படுத்த வேண்டாம். கைப்பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க, அந்த நாவல் முதலில் வெளியான இதழ் உங்களிடம் இருக்க வேண்டும். க்ரைம் நாவல், மாலைமதி, பாக்கெட் நாவல் போன்ற இதழ்களைக் கண்ட இடத்தில் வாங்கி, இதழின் பெயர், மாதம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து ஒரு பட்டியல் தயாரித்துவிடுங்கள்.

பிரதிகள் உண்மையில் இருக்கும் இடங்கள் வேறு. எழுத்தாளரின் வீடு, பத்திரிகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் வீடு, மூடப்பட்ட சிறிய அச்சகங்களின் மேல்மாடி, எழுத்தாளரிடமிருந்து அன்பளிப்பாகப் பெற்ற பழைய வாசகர்களின் வீடு ஆகியவற்றில்தான் அவை இருக்கின்றன. இங்கெல்லாம் நேரம் கடத்தக் கூடாது. "மூட்டையாக் கட்டி அட்டாலியில போட்டிருந்தோமுங்க, வீடு வெள்ளையடிக்கறப்ப எடைக்குப் போட்டுட்டோம்" என்பதுதான் இந்தத் தேடலில் அதிகமாகக் காதில் விழும் பதில். நம் வட்டாரத்தில் காகித ஆலைகள் பக்கத்திலேயே இருப்பதால், எடைக்குப் போன கட்டு சில நாட்களிலேயே கூழாகிவிடும். தைப்பொங்கலுக்கு முன்பு வீடு சுத்தம் செய்யும் மார்கழிக் கடைசியும், வீடு மாற்றும் கோடை விடுமுறையும்தான் அதிகம் தொலைந்துபோகும் காலங்கள் என்பதால், அதற்கு முன்னரே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

3. எழுத்தாளரையும் குடும்பத்தாரையும் அணுகும் முறை

கோவையில் கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவும், ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவும் எழுத்தாளர்களைச் சந்திக்க ஏற்ற இடங்கள். ஆனால் கையொப்பத்துக்காக வாசகர்கள் வரிசையில் நிற்கும்போது கைப்பிரதி கேட்பது முறையல்ல. அங்கே உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, கடிதம் எழுத அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தில் எந்த நாவல், அது எந்த இதழில் எப்போது வந்தது, அதை ஏன் நீங்கள் கேட்கிறீர்கள், எப்படிப் பாதுகாக்கப் போகிறீர்கள் என்ற நான்கு செய்திகளும் இருக்கட்டும். "ஐயா, உங்களிடம் இருப்பதில் ஏதாவது கொடுங்கள்" என்று எழுதும் கடிதத்துக்குப் பதில் வருவது கடினம். மாதக் கெடுவுக்குள் எழுதிக் கொடுப்பவர்களுக்கு நேரம் மிகக் குறைவு என்பதால், ஒரு மாதம் வரை பொறுத்திருந்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம்.

எழுத்தாளர் காலமாகியிருந்தால், குடும்பத்தாரிடம் உடனே போய் நிற்காதீர்கள். வருடம் திரும்பட்டும். அதுவரை செய்யக்கூடிய ஒரே உதவி, "எதையும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்" என்று அவர்களுக்கு நெருங்கியவர் வழியாகச் சொல்லி வைப்பதுதான்.

எழுத்தாளர் பிரதியைக் கொடுக்க இசைந்தால், கையொப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். முதல் தாளின் வெறுமையான பின்பக்கத்தில் நாவலின் பெயர், வெளிவந்த இதழும் மாதமும், "இது நான் என் கைப்பட எழுதிய மூலப்பிரதி" என்ற ஒரு வரி, உங்கள் பெயர், தேதி, ஊர், கையொப்பம் ஆகியவற்றை எழுதித் தரும்படி பணிவுடன் கேளுங்கள். தனித்தாளில் எழுதி வாங்கினால், நாளைக்கு யாரும் அதை வேறொரு பிரதியோடு சேர்த்துவிட முடியும். நல்ல பால்பாயிண்ட் பேனா ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். மார்க்கரும் ஈரமான மைப்பேனாவும் பழைய தாளில் மறுபக்கம் வரை ஊறி, முன்பக்க எழுத்தையே கெடுத்துவிடும்.

வாரிசுகள் கொடுக்கும்போது அவர்கள் எழுத்தாளரின் பெயரில் கையொப்பமிடக் கூடாது. "இது என் தந்தையார் கைப்பட எழுதியது, எங்கள் வீட்டில் இருந்தது" என்று தங்கள் பெயரில் எழுதிக் கொடுப்பதே சரி.

4. பிரதி உண்மையானதா என்று சோதிக்கும் முறை

நகை ஆசாரிகள் கண்ணில் வைத்துப் பார்க்கும், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நகைத் தொழில் சாமான் விற்கும் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதன் வழியாகப் பார்த்தால், பால்பாயிண்ட் எழுத்தில் கோட்டின் நடுவே உருளை ஓடிய தடமும், கோடு திரும்பும் இடங்களில் மை திரண்டிருப்பதும் தெரியும். ஜெராக்ஸில் கோட்டின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்து, எழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துகள்கள் சிதறியிருக்கும். தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். அழுத்தி எழுதிய அசல் தாளில் எழுத்துகள் புடைத்துக் கையில் தட்டும். இந்தச் சோதனைகளுக்கு இணங்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்து, காலத்துக்குப் பொருந்தாதவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜெல் பேனா நம் ஊர்க் கடைகளில் பரவியது 1990-களில்தான். ஆகையால் 1980 என்று தேதியிட்ட பிரதி ஜெல் பேனாவில் எழுதப்பட்டிருந்தால் நம்ப வேண்டியதில்லை. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையது என்று சொல்லப்படும் கடிதத்தாளில் ஆறு இலக்கக் குறியீடு அச்சாகியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

எழுத்து வடிவமும் உதவும். லை, ளை, னை, ணை போன்றவற்றைத் துதிக்கை போட்டு எழுதும் பழைய வடிவத்தைத் தமிழக அரசு 1978-இல் மாற்றியது. பள்ளியில் பழைய வடிவத்தைக் கற்றவர்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அப்படியே எழுதிவந்தார்கள் என்பதால், 1990-ஆம் ஆண்டுப் பிரதியில் பழைய வடிவம் இருப்பது குற்றமல்ல. ஆனால் 1970-ஆம் ஆண்டுப் பிரதி முழுவதும் புதிய வடிவத்திலேயே இருந்தால், அவர் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அப்போதே பின்பற்றியவரா என்று விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, கை யாருடையது என்பது. வேகமாக எழுதிக் குவித்தவர்கள் சிலர் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதுவதும், வீட்டார் படியெடுத்துக் கொடுப்பதும் உண்டு. ஆகவே கையெழுத்து எழுத்தாளருடையது அல்ல என்பதாலேயே அது போலி ஆகிவிடாது என்றாலும், விலையும் பட்டியல் விவரமும் அதற்கேற்ப மாற வேண்டும். சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் ஆகிய இருவரும் சேர்ந்து எழுதும் பெயர் என்பதால், அந்தப் பெயரிலுள்ள பிரதியில் எந்தப் பகுதி யார் கையெழுத்து என்று கேட்டுக் குறித்து, இருவரிடமும் கையொப்பம் பெறுவதே முறை. புஷ்பா தங்கதுரையும் ஸ்ரீவேணுகோபாலனும் ஒருவரே என்பது தெரியாமல், கையெழுத்து ஒத்துப்போகிறதே என்று குழம்புபவர்களும் உண்டு.

கடைசியாக, பக்க எண்களைச் சரிபார்த்து, அச்சான இதழோடு ஒப்பிடுங்கள். அச்சில் இல்லாத ஒரு பத்தி கைப்பிரதியில் அடிக்கப்பட்டுக் கிடப்பதும், கொலையாளியின் பெயர் பாதியில் மாறியிருப்பதும் அசலுக்கு நல்ல சாட்சி. படியெடுத்துப் போலி செய்பவர் அச்சான வாசகத்தைத்தானே பார்த்து எழுத முடியும்? அடித்தல் திருத்தல் இல்லாமல் அச்சோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் பிரதியைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன்.

5. விலையும் செலவும்

இதற்கு நிலையான சந்தை விலை கிடையாது. வாழும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் அன்பளிப்பாகவே கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுப்பவரிடம் விலை பேசுவது அவரை வருத்தும். அவருடைய புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்குவதும், ஸ்கேன் செய்த முழுப்பிரதியை அவருக்கு ஒரு பென்டிரைவில் கொடுப்பதுமே தகுந்த மரியாதை.

தரகரிடம் வாங்கும்போது முழுப்பிரதியா, உதிரித் தாள்களா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு நாவலைப் பத்துப் பத்துத் தாளாகப் பிரித்துப் பலருக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவது அந்தப் பிரதி மேலும் சிதறுவதற்கே வழி செய்யும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். "வெளியூர்ப் பார்ட்டி நாளைக்கே வாங்க வர்றாங்க" என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள்.

விலையைத் தவிர, பக்கம் ஒன்றுக்குச் சில ரூபாய் வீதம் ஸ்கேன் செய்யும் செலவு, உறைகளும் அட்டைப்பெட்டியும் வாங்கும் செலவு, போய்வரும் செலவு ஆகியவற்றையும் கணக்கில் வையுங்கள். 200 தாள் பிரதி ஒன்றுக்கு இவையெல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம்.

6. எழுதி வாங்க வேண்டிய ஆவணங்கள்

அன்பளிப்பாகக் கிடைத்தால் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. அசையும் பொருளைக் கையில் ஒப்படைப்பதன் மூலமே தானமாகக் கொடுக்கலாம் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நாவலின் பெயர், தாள்களின் எண்ணிக்கை, எந்தெந்தப் பக்கம் இல்லை என்ற விவரம், அன்பளிப்பாகக் கொடுத்ததாக ஒரு வரி, தேதி, இரு தரப்புக் கையொப்பம், ஒரு சாட்சி ஆகியவை போதும். எழுத்தாளர் புனைபெயரில் எழுதுபவராக இருந்தால், இயற்பெயரும் புனைபெயரும் இரண்டுமே கடிதத்தில் வர வேண்டும். கே.ஆர். ராஜகோபால் என்ற பெயரை மட்டும் பார்த்து அது ராஜேஷ்குமார் என்று அறியாதவர்கள் நாளைக்கு இருப்பார்கள்.

விலைக்கு வாங்கினால் ரசீது கட்டாயம். தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் குறுக்கே கையொப்பம் வாங்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். அச்சகத்திலிருந்தோ பத்திரிகை அலுவலகத்திலிருந்தோ வந்த பிரதியாக இருந்தால், விற்பவரின் ரசீதோடு நிற்காமல், அதை நீங்கள் வைத்திருப்பதில் ஆட்சேபம் இல்லை என்று எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ ஒரு கடிதம் பெற்றுவிடுங்கள். அச்சிடக் கொடுத்த பிரதியை எழுத்தாளர் பின்னால் திருப்பிக் கேட்கும் சச்சரவு இதனால் தவிரும்.

75 ஆண்டுகள் நிறைந்த, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. அவற்றை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் தடை உண்டு. ஆகவே பழைய துப்பறியும் நாவலாசிரியர் ஒருவரின் பிரதி கையில் கிடைத்தால், அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பலாம் என்று எண்ண வேண்டாம்.

7. பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது

தாள் உங்களுடையதானாலும் கதை எழுத்தாளருடையதே. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, அவர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். அனுமதி இல்லாமல் பிரதியின் பக்கங்களை இணையத்தில் ஏற்றுவதும், அச்சில் வராத அத்தியாயத்தை வெளியிடுவதும் தவறு. கண்காட்சியில் வைக்கவும் படம் எடுத்து வெளியிடவும் அனுமதி உண்டா என்பதை அன்பளிப்புக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதி வாங்கிவிடலாம்.

பின்னால் நீங்கள் அதை விற்க நேர்ந்தால் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. மூலக் கையெழுத்துப் பிரதி 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால், அந்த விலையில் ஒரு பங்கு கேட்கும் உரிமை எழுத்தாளருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்டு என்று அதே சட்டத்தின் 53ஏ பிரிவு கூறுகிறது. அந்தப் பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் போகாது. விற்கும் முன்பு அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

8. வீட்டில் பாதுகாத்தல்

பிரதி வந்த அன்றே தாள் தாளாக ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். தானாகத் தாளை இழுக்கும் இயந்திரத்தில் பழைய தாளைக் கொடுக்கக் கூடாது. கண்ணாடிமேல் வைத்து, 300 முதல் 600 டிபிஐ அளவில், வண்ணத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பு மைக் குறிப்பு கறுப்பு வெள்ளையில் தொலைந்துவிடும்.

துருப்பிடித்த குண்டூசிகளையும் ஸ்டேப்ளர் பின்களையும் மெல்ல நெம்பி எடுத்துவிடுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். இரண்டையும் பிற்பாடு தாளுக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது மிகக் கடினம். அமிலமில்லாத காகித உறையில் வைத்து, அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து அடுக்குங்கள். அட்டாலி வேண்டாம். ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் அங்கே தாள் அப்பளமாக நொறுங்கும். கோவை, பொள்ளாச்சிப் பக்கத்தில் ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் மாதங்களில், வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் பூஞ்சை பிடிக்கும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை பாருங்கள். வசம்பையோ நொச்சி இலையையோ துணியில் முடிந்து பெட்டிக்கு வெளியே வைக்கலாம். தாளில் நேராகப் படக் கூடாது.

9. உயிலில் எழுதி வையுங்கள்

ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எண் கொடுத்து, அதைப் பென்சிலால் பின்பக்க மூலையில் குறித்து, கடிதம், ரசீது, ஸ்கேன் ஆகியவற்றுக்கும் அதே எண்ணை இடுங்கள். பட்டியலின் ஒரு படி வீட்டில் மற்றொருவருக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். உங்களுக்குப் பிறகு யாரிடம் போக வேண்டும் என்பதை உயிலில் தெளிவாக எழுதுங்கள். எழுத்தாளர்களின் குடும்பத்தாரிடமும் இதை நினைவூட்டலாம். அச்சில் வராத கைப்பிரதி ஒன்றை எழுத்தாளர் உயிலில் ஒருவருக்கு எழுதி வைத்தால், வேறு விதமாகக் குறிப்பிடாத வரை, அதன் பதிப்புரிமையும் சேர்ந்தே போகும் என்பதால் அவர்களுக்கு அது பெரிய விஷயம்.

நூலகத்துக்குக் கொடுக்க நினைத்தால், உயில் வரை காத்திராமல் இப்போதே எழுதிக் கேளுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் வெகுசன அச்சுப் பண்பாட்டையும் மதித்துச் சேர்ப்பவை. எந்த நூலகமானாலும், முழுப்பட்டியலையும் மாதிரிக்கு நான்கைந்து பக்க ஸ்கேனையும் முதல் கடிதத்தோடு அனுப்பி, ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் பதில் வந்த பிறகே பெட்டியைக் கொண்டுபோய் நேரில் ஒப்படைத்து, தாள் எண்ணிக்கையுடன் ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.